சேமிப்பின் வரலாறு – 17: பிறந்தவுடன் திறந்த கணக்கு

பிரிட்டனில் 2002 செப்டம்பர் 1-ஆம் தேதிக்கும் 2011 ஜனவரி 2-ஆம் தேதிக்கும் இடையில் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளின் பெயரிலும் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கப்பட்டது. மொத்தம் சுமார் 63 லட்சம் கணக்குகள். அரசு தன் கருவூலத்திலிருந்து அவற்றில் போட்ட தொகை சுமார் 200 கோடி பவுண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை அந்தப் பணத்தில் பெற்றோரும் கை வைக்க முடியாது. 18 நிறைந்துவிட்டால் அது முழுக்க அந்தப் பிள்ளையின் சொத்து; எதற்குச் செலவழிக்கிறாய் என்று கேட்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்ற பெயரில் வந்த இந்தத் திட்டம் ஆறு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை. இன்று அதைக் குறிப்பிடுகிறவர்களில் பலர் தோற்றுப்போன திட்டங்களின் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. திட்டத்தின் ஒரு பகுதி உலகில் அதுவரை யாரும் செய்யாத அளவுக்கு வென்றது. இன்னொரு பகுதி இன்றுவரை இளைஞர்களை வதைக்கும் அளவுக்குத் தோற்றது. மக்களிடம் விண்ணப்பம் கேட்காமல் அரசே முன்வந்து செய்த வேலைகள் எல்லாம் வென்றன. வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்று விட்ட வேலைகள் எல்லாம் தோற்றன. பிறப்போடு பணம் ஒதுக்கும் திட்டங்கள் உலகெங்கும் மறுபடி வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், பிரிட்டனின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிந்தனையின் வேர் பழையது. தாமஸ் பெயின் 1797-இல் வெளியிட்ட 'அக்ரேரியன் ஜஸ்டிஸ்' என்ற சிறு நூலில், 21 வயதை எட்டும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நிலம் இயற்கையில் எல்லோருக்கும் பொது. அதைத் தனியுடைமை ஆக்கியவர்கள் மற்றவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். வாரிசுச் சொத்தின் மேல் வரி விதித்து அந்தக் கடனை அடைக்கலாம் என்பது அவர் வாதம். அது பிச்சையாகாது, உரிமை என்பதில் அவர் உறுதியாக நின்றார். அதன்பிறகு இரண்டு நூற்றாண்டுகள், ஏழைகளுக்கான உதவி என்றால் மாதாந்திர வருமானத்தைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஷெராடன், 1991-இல் எழுதிய நூலில் அந்தப் பேச்சைத் திருப்பினார். வருமானம் இன்றைய வயிற்றை நிரப்புகிறது, சொத்து நாளையைப் பற்றி யோசிக்க வைக்கிறது. ஏழைக்கு முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, பணக்காரனுக்கு வரிச்சலுகை வழியாக இரண்டாவதையும் அரசு கொடுத்துவருகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஜூலியன் லே கிராண்ட், டேவிட் நிசான் ஆகியோரும், ஐ.பி.பி.ஆர். என்ற கொள்கை ஆய்வு நிறுவனமும் இளைஞர்களுக்குத் தொடக்க முதல் தரும் யோசனைகளை முன்வைத்தார்கள். 2001 ஏப்ரலில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, டோனி பிளேர் அரசு அதைத் தன் திட்டமாக அறிவித்தது.

அப்போது அவர்கள் கையில் இருந்த ஆதாரம் என்ன? 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 பேரின் வாழ்க்கையைப் பிரிட்டனில் இன்றுவரை தொடர்ந்து பதிவுசெய்துவருகிறார்கள். அந்தப் பதிவுகளை ஜான் பின்னர் என்ற ஆய்வாளர் அலசியபோது, 23 வயதில் கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தவர்கள் 33 வயதில் வேலையிலும் உடல்நலத்திலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது தெரிந்தது. இதைக் காட்டித்தான் அமைச்சர்கள் பேசினார்கள். எதிர்த்தவர்கள் உடனே கேட்டார்கள்: 23 வயதில் சேமித்து வைத்திருப்பவன் ஏற்கெனவே நல்ல குடும்பத்தில் பிறந்தவனாகவோ இயல்பிலேயே சிக்கனமானவனாகவோ இருக்கலாமே, பணமா அவனை உயர்த்தியது? இது நியாயமான கேள்வி. பின்னரின் ஆய்வு குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் மனிதரின் இயல்பை அளவெடுத்துக் கழித்துவிட முடியாது. ஆகவே 2001-இல் அரசிடம் இருந்தது ஒரு வலுவான ஊகம் மட்டுமே என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

அந்த ஊகத்தைச் சோதிக்கும் வேலையை ஷெராடனின் குழு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எடுத்துக்கொண்டது. 2007-இல் அந்த மாநிலத்தில் பிறந்த குழந்தைகளிலிருந்து 2,704 பேரின் தாய்மார்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தேர்ந்து, அவர்களின் குழந்தைகள் பெயரில் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்து ஆளுக்கு 1,000 டாலர் போட்டார்கள். குலுக்கல் என்பதால் சிக்கனக்காரர்களும் செலவாளிகளும் இரு பக்கமும் சமமாகவே விழுந்திருப்பார்கள். பின்னரின் ஆய்வில் எழுந்த கேள்விக்கு இங்கே இடமில்லை. குழந்தைகளுக்கு நான்கு வயதானபோது எடுத்த கணக்கெடுப்பின் முடிவு 2014-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. கணக்கு பெற்ற குழந்தைகள் பிறரோடு பழகுவதிலும் உணர்வுகளைக் கையாள்வதிலும் சற்று மேலான வளர்ச்சி காட்டினார்கள்; ஏழைக் குடும்பங்களில் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் சற்றுக் குறைந்திருந்தது. ஒரு ரூபாய்கூட இன்னும் கைக்கு வராத நிலையில், பிள்ளையின் பெயரில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே இவ்வளவு செய்திருக்கிறது. விளைவு சிறியதுதான், ஆனால் அது உண்மையான விளைவு. அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தானாகத் திறக்கப்பட்ட கணக்கு தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதே தாய்மார்களிடம், நீங்களே இன்னொரு கணக்கைத் தொடங்குங்கள், அதற்கு 100 டாலர் ஊக்கத்தொகை தருகிறோம் என்று சொன்னபோது, ஆறில் ஒருவர் அளவுக்கே முன்வந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் பணத்துக்குக்கூட ஒரு விண்ணப்பப் படிவம் பெரும் வேலியாக நின்றுவிடுகிறது.

பிரிட்டிஷ் திட்டத்தை வடிவமைத்தவர்கள், ஓக்லஹோமா முடிவுகள் வருவதற்கு முன்பே, திட்டத்தின் முன்பாதியில் இந்த உண்மையை உணர்ந்திருந்தார்கள். 2004 மே மாதம் சட்டம் நிறைவேறியது. 2005 ஏப்ரல் 6 முதல் கணக்குகள் நடைமுறைக்கு வந்தன. நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் அதைத் தன் பெருமைக்குரிய வேலையாகக் கருதினார். குழந்தை பிறந்தால் தாய் எப்படியும் குழந்தை உதவித்தொகைக்குப் பதிவுசெய்வார். அந்தப் பதிவு ஒன்றே போதும்; 250 பவுண்டுக்கான வவுச்சர் வீட்டுக்குத் தபாலில் வந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அது 500 பவுண்டு. வவுச்சரை எந்த வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கொடுத்துக் கணக்கைத் திறக்கலாம். வட்டி தரும் சாதாரணச் சேமிப்பு, பங்குச் சந்தை முதலீடு, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்த முதலீடு என்று மூன்று வகை இருந்தன. ஓராண்டுக்குள் பெற்றோர் ஒன்றுமே செய்யாவிட்டால் வவுச்சர் காலாவதியாகும். ஆனால் குழந்தையின் உரிமை காலாவதியாகாது. வருவாய்த் துறையே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து மூன்றாவது வகைக் கணக்கைத் திறந்துவிடும். மொத்தக் கணக்குகளில் கால்வாசிக்கும் மேல் இப்படித்தான் திறக்கப்பட்டன. வேலை நெருக்கடியில் இருந்த தாய், ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய், ஆண்டுக்கு மூன்று வாடகை வீடு மாறிய தாய் என்று எந்தக் காரணத்தாலும் எந்தக் குழந்தையும் விடுபடவில்லை. ஏழைகளுக்கான திட்டங்களின் வரலாற்றில் இது அபூர்வம். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இல்லாத நலத்திட்டம் ஒன்றைக் காட்டு என்றால் விரல்விட்டு எண்ணத்தான் வேண்டியிருக்கும்.

இந்த வெற்றியை 2010-இல் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு மே மாதம் கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் மே 24-ஆம் தேதி அறிவித்த முதல் செலவுக் குறைப்புப் பட்டியலிலேயே சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் இடம்பெற்றது. ஆகஸ்டில் தொகை 50 பவுண்டாகவும், ஏழைக் குடும்பங்களுக்கு 100 பவுண்டாகவும் சுருங்கியது. அடுத்த ஜனவரியோடு அதுவும் நின்றது. ஏழு வயதில் இரண்டாம் தவணையாக இன்னொரு 250 அல்லது 500 பவுண்டு தருவதாகச் சட்டம் சொல்லியிருந்தது. 2002 செப்டம்பருக்கும் 2003 ஜூலைக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு மட்டும் அது கிடைத்தது. மீதிப் பேருக்கு ஏழாவது பிறந்தநாள் சும்மா கடந்துபோனது. இந்த முடிவை எதிர்த்து வீதியில் யாரும் இறங்கவில்லை. இறங்க வேண்டியவர்களில் மூத்தவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. ஓய்வூதியத்தில் கை வைத்தால் அடுத்த தேர்தலில் பதில் கிடைக்கும்; பலன் 2020-இல்தான் தெரியும் என்கிற திட்டத்தில் கை வைத்தால் பதில் சொல்ல ஆளில்லை. நீண்டகாலச் சேமிப்பின் பலவீனம் அதன் நீளத்திலேயே இருக்கிறது.

கூட்டணியின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது; ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆண்டுக்குச் சுமார் 50 கோடி பவுண்டை 18 ஆண்டுகள் பூட்டிவைப்பதைவிட இன்றே குழந்தைகளின் படிப்பிலும் பராமரிப்பிலும் செலவழிப்பது மேல் என்று லிபரல் டெமாக்ரட் கட்சி சொன்னது. ஐந்து வயதுக்குள் கிடைக்கும் கவனிப்பின் மதிப்பு பெரிது என்பதில் சந்தேகமில்லை. உண்மையிலேயே பணம் அங்கே போயிருந்தால் நானும் அந்த வாதத்துக்குத் தலைவணங்குவேன். நடந்தது வேறு. ஏழைக் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்காக முந்தைய அரசு நாடெங்கும் நிறுவிய ஷூர் ஸ்டார்ட் மையங்களுக்கான செலவும் 2010-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு வெட்டப்பட்டது. 2017-18 வாக்கில் அது உச்சத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சேமிப்பா பராமரிப்பா என்று கேட்டவர்கள், இரண்டையும் இழந்த ஒரு தலைமுறையைத்தான் விட்டுச்சென்றார்கள். தாம் பிறந்தபோது கிடைத்த வவுச்சரும், வளர்ந்தபோது மூடப்பட்ட மையமும் ஒரே பிள்ளைகளின் கதை.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் சமத்துவத்தைப் பற்றியது. கணக்கில் குடும்பத்தார் ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை சேர்க்கலாம் என்றும், வளரும் தொகைக்கு வரியில்லை என்றும் சட்டம் சொன்னது. வசதியுள்ள தாத்தா பாட்டி ஆண்டுதோறும் முழுத் தொகையையும் போட்டால் 18 ஆண்டில் அசல் மட்டுமே 21,600 பவுண்டு. ஏழைக் குழந்தையின் கணக்கில் அரசு போட்ட 500 மட்டும் இருக்கும். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த திட்டம் அதை வளர்க்கிறது என்ற குற்றச்சாட்டை முழுதாக மறுக்க முடியாது. வரிச்சலுகையின் உச்சவரம்பைத் தாழ்த்தியிருக்க வேண்டும், ஏழைகளுக்கான தொகையை உயர்த்தியிருக்க வேண்டும். ஆனால் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்லித் திட்டத்தை நிறுத்தியபின் அதன் இடத்தில் எது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 நவம்பரில் ஜூனியர் ஐசா என்ற கணக்கு அறிமுகமானது. அதில் அரசு ஒரு பைசாவும் போடாது. வரிச்சலுகை மட்டும் தொடரும். தொடங்கியபோது ஆண்டு வரம்பு 3,600 பவுண்டு. 2020 முதல் 9,000. ஏழைக்குப் பயன்பட்ட பாதியை வெட்டிவிட்டு, பணக்காரருக்குப் பயன்பட்ட பாதியை ஏழரை மடங்காக்கியிருக்கிறார்கள். சமத்துவத்தின் பெயரால் சொல்லப்பட்ட எதிர்வாதம் இந்த மாற்றத்துக்கு எப்படித் துணைபோகும்?

பதினெட்டு வயதுப் பிள்ளை கையில் ஆயிரம் இரண்டாயிரம் பவுண்டு கிடைத்தால் பைக்கிலும் விருந்திலும் கரைத்துவிடும் என்ற அச்சத்துக்கு நான் அதிக இடம் தரமாட்டேன். சிலர் கரைப்பார்கள். வசதியான வீட்டில் அதே வயதில் கைக்கு வரும் வாரிசுச் சொத்தை என்ன செய்கிறார்கள் என்று எந்த அரசும் விசாரித்ததில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் செலவுக்கணக்குக் கேட்பது, பெயின் எதிர்த்த அதே பிச்சை மனப்பான்மைதான்.

இனி திட்டத்தின் பின்பாதிக்கு வருவோம். என் வருத்தமெல்லாம் இங்கேதான். 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி, கொரோனாவுக்கு நடுவே, முதல் கணக்குகள் முதிர்ந்தன. அன்றிலிருந்து மாதத்துக்கு 55,000 பேர் அளவில் 18 வயதை எட்டி வருகிறார்கள். கணக்கைத் தானாகத் திறந்த அரசு, முதிர்ந்த பணத்தைத் தானாகக் கையில் சேர்க்க எந்த வழியும் வகுக்கவில்லை. பிள்ளை தானே தன் கணக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தானே விண்ணப்பித்து, தானே ஆவணம் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் பிரிட்டிஷ் வருவாய்த் துறை வெளியிட்ட கணக்கின்படி, 18 முதல் 22 வயது வரையுள்ள 6,71,000 பேர் தங்கள் பணத்தை எடுக்கவில்லை. சராசரியாக ஒரு கணக்கில் 2,212 பவுண்டு. இரண்டையும் பெருக்கினால் 148 கோடி பவுண்டுக்கு மேல். பெற்றோர் வவுச்சரை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போன வீட்டில் கணக்கின் நினைவு இருக்கும். குடும்பப் பேச்சில் எப்போதாவது அது தலைகாட்டும். ஓராண்டு கழித்து அரசே திறந்த கணக்குக்கு அந்த நினைவு இல்லை. ஒரு கடிதம் வந்திருக்கும், அதுவும் பழைய முகவரிக்கு. எந்தக் குழந்தையும் விடுபடக் கூடாது என்று யாருக்காக அந்த ஏற்பாட்டைச் செய்தார்களோ, அவர்களுக்கே கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது.

காத்திருக்கும் பணம் சும்மாவும் இருப்பதில்லை. அரசு திறந்த வகைக் கணக்குகளில் நிறுவனம் ஆண்டுக்கு 1.5 சதவீதம் வரை கட்டணம் எடுக்கலாம். கேட்பதற்குச் சிறிய எண். 500 பவுண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால் 18 ஆண்டில் 1,203 பவுண்டு ஆகும். கட்டணத்தைக் கழித்து 3.5 சதவீதமே வளர்ந்தால் 929 பவுண்டுதான். கிட்டத்தட்ட கால் பங்கு கட்டணமாகக் கரைந்துவிடுகிறது. உரியவர் வராத கணக்கிலும் கட்டணம் ஓடும். அவரைத் தேடிப்போவதால் நிறுவனத்துக்கு வரவு இல்லை, தேடாமல் இருப்பதால் இழப்பும் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்கள் 18-ஐ எட்டியதும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெற்றோர் அந்தப் பணத்தைத் தொடக்கூட, பாதுகாப்பு நீதிமன்றத்தில் நீண்ட படிவங்களை நிரப்பி அனுமதி வாங்க வேண்டும். பதினெட்டு ஆண்டு சோறூட்டி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வளர்த்த தாய், சில நூறு பவுண்டுக்காகத் தன் பிள்ளையின் இயலாமையை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பலர் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். 2004-இல் சட்டம் எழுதியவர்களின் கவனமெல்லாம் தொட்டில் பக்கமே இருந்தது. 18-ஆம் வயதில் என்ன நடக்கும் என்று அன்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

தன் பணத்தைத் தேடி எடுப்பது வயதுவந்தவரின் பொறுப்பு, அரசு எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தானே போட்ட பணத்தை மறந்தவரிடம் இதைச் சொல்லலாம். இந்தக் கணக்கைத் திறந்தபோது அவர் தொட்டிலில் கிடந்தார். எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவரிடம் அதை ஏன் தேடவில்லை என்று கேட்பது நியாயமாகாது. வருவாய்த் துறை இணையத்தில் தேடும் வசதி ஒன்றைத் தந்திருக்கிறது, 16 வயதையொட்டி அனுப்பும் தேசியக் காப்பீட்டு எண் கடிதத்தோடு இந்தத் தகவலையும் சேர்த்திருக்கிறது. இரண்டும் தேவைதான். ஆனால் அதே துறையிடம் அந்த இளைஞர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சம்பளம், முதலாளி, காப்பீட்டு எண் எல்லாம் இருக்கின்றன. பிடித்த வரியை மாதாமாதம் கணக்கு வைக்க முடிகிற துறையால், 21 வயதாகியும் எடுக்கப்படாத 2,000 பவுண்டை அதே எண்ணின் வழியாக அவருக்கே அனுப்ப முடியாது என்பதை நம்புவது கடினம். 2023-இல் தேசியத் தணிக்கை அலுவலகமும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும் இதே வருவாய்த் துறையைத்தான் கேள்வி கேட்டன. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. அதைத் தன் கடமையாக ஏற்பதில் இருக்கிறது.

பிற நாடுகள் இந்தப் பின்பாதியைக் கவனித்தனவா என்றால், பதில் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இஸ்ரேல் 2017 ஜனவரி முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதந்தோறும் பணம் போட்டு வருகிறது, தொடக்கத்தில் அது 50 ஷெக்கல்; பெற்றோர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அரசே தேர்ந்துவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், 2023 ஜூலை முதல், அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஏழைக் குழந்தைகளுக்கு மட்டும் ஆளுக்கு 3,200 டாலர் ஒதுக்குகிறது. ஏழைக்குப் பெருந்தொகை, பணக்காரருக்கு வரிச்சலுகை இல்லை என்ற வகையில் பிரிட்டனின் பெரிய குறையை அது சரிசெய்திருக்கிறது. சேர்க்கையும் தானாக நடக்கிறது. ஆனால் 18-க்கும் 30-க்கும் இடையில் அந்தப் பிள்ளை தானே வந்து கேட்டால்தான் பணம். அமெரிக்க ஒன்றிய அரசு 2025 ஜூலையில் இயற்றிய சட்டம், 2025 தொடக்கத்திலிருந்து 2028 முடிவு வரை பிறக்கும் குழந்தைகளுக்கு 1,000 டாலர் தருகிறது. அதற்கு முதலில் பெற்றோர் படிவம் கொடுக்க வேண்டும். பிரிட்டன் 2005-இல் வென்ற இடத்திலேயே இந்தத் திட்டம் பின்வாங்கியிருக்கிறது. படிவம் கொடுக்காதவர்கள் யார் என்பதை ஓக்லஹோமா முன்கூட்டியே சொல்லிவிட்டது.

பிரிட்டனில் கடைசிக் கணக்கு 2029 ஜனவரி 2-ஆம் தேதி முதிரும். அதுவரை மாதந்தோறும் பல்லாயிரம் பேர் 18-ஐத் தொடுவார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரில் பணம் இருப்பது தெரியும் என்பது, நாடாளுமன்றம் அதற்குள் ஒரு சிறு சட்டத்திருத்தம் கொண்டுவருகிறதா என்பதைப் பொறுத்தது.

(தொடரும்)